கயிறு தளரும் நொடி

சென்ற கல்வியாண்டில் ஆறாம் வகுப்பில் பின்னக் கூட்டல் நடத்திக்கொண்டிருந்தேன். பகுதிகள் வெவ்வேறாக உள்ள பின்னங்கள். மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு மாணவனைக் கரும்பலகைக்கு அழைத்தேன். சுண்ணக்கட்டியை வாங்கிக்கொண்டு நின்றான், எழுதவில்லை. "தப்பா இருந்தாலும் பரவாயில்லை, எழுது" என்றேன். அசையவில்லை. "எழுதுற வரைக்கும் இங்கேதான் நிக்கணும்" என்று சொல்லிவிட்டு மற்றவர்களின் குறிப்பேடுகளைத் திருத்தப் போய்விட்டேன். மணி அடிக்கும்வரை, ஏறக்குறைய கால் மணி நேரம், அவன் பலகையைப் பார்த்தபடியே நின்றான்.

நான் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை, கேலி செய்யவும் இல்லை. எனவே தவறாக எதுவும் செய்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அடுத்த இரண்டு நாள்களும் வரவில்லை. நான்காம் நாள் அவனுடைய அப்பத்தா கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். "டீச்சரம்மா, காலையில எந்திரிச்சதும் வயித்தை வலிக்குதுங்கிறான். உங்க பீரியடு இல்லாத அன்னைக்கு மட்டும் வலிக்க மாட்டேங்குது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கவலையோடுதான் சொன்னார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இந்தக் கேள்விக்கு எனக்கு வழி காட்டியது கல்வியியல் நூல் எதுவும் இல்லை. குதிரைகளைப் பழக்குபவர்களின் அனுபவம்தான் காட்டியது. அதை உடன் பணியாற்றும் ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் ஆவணப்படம்

எங்கள் பள்ளியில் மாணவர்களுக்குத் திரையிடப் பொருத்தமான படங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது 'பக்' என்ற அமெரிக்க ஆவணப்படத்தைப் பார்த்தேன். சிண்டி மீல் இயக்கி 2011இல் வெளிவந்த படம். பக் பிரானமன் என்ற குதிரைப் பயிற்சியாளரைப் பற்றியது. ஊர் ஊராகச் சென்று, குதிரைகளோடு சிக்கலில் இருப்பவர்களுக்குப் பயிற்சி முகாம் நடத்துபவர் அவர்.

சிறுவயதில் பிரானமனும் அவருடைய அண்ணனும் கயிற்று வித்தை காட்டும் குழந்தைக் கலைஞர்களாக இருந்தார்கள். மேடையில் கைத்தட்டல், வீட்டில் தந்தையின் அடி. தாய் இறந்த பிறகு அடி இன்னும் கொடுமையானது. ஒருநாள் பள்ளியில் விளையாட்டுப் பயிற்சியாளர் அந்தச் சிறுவனின் முதுகைப் பார்த்துவிட்டார். பார்த்ததோடு நிற்காமல் உரியவர்களுக்குத் தெரிவித்தார். அதன் பிறகு இரு சிறுவர்களும் ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் சேர்க்கப்பட்டார்கள். ஆண்கள் என்றாலே அஞ்சி ஒடுங்கிய சிறுவனிடம் அந்த வளர்ப்புத் தந்தை ஆறுதல் மொழி எதுவும் பேசவில்லை. ஒரு ஜோடித் தோல் கையுறையைக் கொடுத்து, வேலி சரிசெய்யும் வேலைக்குத் தன்னோடு அழைத்துச் சென்றார்.

அஞ்சிய உயிர் எப்படி இருக்கும் என்பது பிரானமனுக்கு உள்ளிருந்தே தெரியும். அதனால்தான் மிரண்ட குதிரையின் முன்னால் அவரால் பதற்றமில்லாமல் நிற்க முடிகிறது என்று எனக்குப் பட்டது. படத்தை இரண்டாம் முறை பார்த்தபோது அவருடைய கைகளை மட்டும் கவனித்தேன். கயிற்றை எப்போது இழுக்கிறார், எப்போது தளர்த்துகிறார் என்று பார்த்தேன். அங்கிருந்துதான் என் படிப்பு தொடங்கியது.

குதிரை ஏன் மிரள்கிறது?

குதிரை இரையாகும் விலங்கு. புல்வெளியில் மேயும்போது வேட்டை விலங்கிடமிருந்து தப்பிக்க அதற்கு உள்ள முதல் வழி ஓட்டம். கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் ஏறக்குறைய முழு வட்டத்தையும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் சிறிய மறைவிடங்கள் உண்டு. ஒரு ஈ உட்கார்ந்தால்கூட அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்க்கும் அளவுக்குத் தொடு உணர்வு நுட்பமானது. காதுகளைத் தனித்தனியே திருப்பி ஒலி வரும் திசையை அறியும்.

மனிதரின் முகத்தையும் அது படிக்கிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சினந்த முகம், மகிழ்ந்த முகம் ஆகியவற்றின் ஒளிப்படங்களைக் குதிரைகளுக்குக் காட்டினார்கள். சினந்த முகத்தைக் கண்டபோது குதிரைகளின் இதயத்துடிப்பு விரைவாகவே உயர்ந்ததை 2016இல் வெளியிட்டார்கள்.

இப்படிப்பட்ட விலங்கின் முதுகில் மனிதன் ஏறுகிறான். வேட்டை விலங்கு பாய்ந்து பிடிக்கும் இடமும் அதே முதுகுதான். குதிரை துள்ளுவதையும் உதைப்பதையும் நாம் 'முரட்டுத்தனம்' என்கிறோம். குதிரையின் பக்கமிருந்து பார்த்தால் அது உயிர் தப்பும் முயற்சி. இந்த ஒரு பார்வை மாற்றத்திலிருந்தே கனிவான பயிற்சி முறைகள் எல்லாம் பிறக்கின்றன.

பழைய வழியும் மாற்று வழியும்

அமெரிக்க மேற்குப் பகுதியின் கால்நடைப் பண்ணைகளில் இளங்குதிரையைப் பழக்குவதை 'உடைத்தல்' என்றே சொல்வார்கள். கட்டிப்போட்டு, சேணம் ஏற்றி, துள்ளி ஓயும்வரை மேலேயே அமர்ந்திருப்பது. ஒரு கட்டத்தில் குதிரை போராட்டத்தைக் கைவிடும். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அந்தக் குதிரை மனிதனை நம்பாது. வாய்ப்புக் கிடைத்தால் மீண்டும் மிரளும்.

இதற்கு மாற்று வழி புதிய கண்டுபிடிப்பு இல்லை. சாக்ரடீசின் மாணவரான செனபோன் ஏதென்சைச் சேர்ந்த படைத்தலைவர், வரலாற்றாசிரியர். கி.மு. நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றக் கலை பற்றி ஒரு நூல் எழுதினார். கோபத்தோடு குதிரையை அணுகக் கூடாது என்பது அவர் கூறும் முதன்மையான விதிகளுள் ஒன்று. குதிரை ஒரு பொருளைக் கண்டு மிரண்டால் அடித்து அதனருகே ஓட்டாதீர்கள் என்கிறார். அடித்தால், அந்த வலியையும் அப்பொருளே தந்தது என்று குதிரை எடுத்துக்கொள்ளும்; அச்சம் இரட்டிப்பாகும். மாறாக, அப்பொருளை நாமே தொட்டுக் காட்டி, குதிரையை மெல்ல அருகே அழைத்துச் செல்ல வேண்டும் என்கிறார்.

இந்த இடத்தைப் படித்தபோது கரும்பலகை என் நினைவுக்கு வந்தது. அந்த மாணவனுக்குக் கணக்கின் மேல் இருந்த அச்சத்தோடு, நாற்பது பேர் முன்னால் நின்ற வலியையும் நான் சேர்த்துக் கட்டிவிட்டிருந்தேன்.

பிரான்சில் சிறுவயது மன்னர் பதின்மூன்றாம் லூயிக்குக் குதிரையேற்றம் கற்பித்தவர் அந்துவான் த ப்ளுவினெல். குதிரையின் உடலைக் களைப்பாக்குவதைவிட அதன் அறிவுக்கு வேலை தர வேண்டும், தண்டனையில் சிக்கனமும் பாராட்டில் தாராளமும் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1620இல் அவர் இறந்த பிறகு, மன்னரோடு உரையாடும் வடிவில் அவரது பாடங்கள் நூலாக வெளிவந்தன.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வழியை அமெரிக்கப் பண்ணைகளில் பரப்பியவர்களுள் முதன்மையானவர்கள் பில் டோரன்ஸ், டாம் டோரன்ஸ் என்ற சகோதரர்கள். ஓரிகன் மாநிலத்துப் பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்தவர்கள். அடங்காத ஒரு குதிரையோடு தவித்துக்கொண்டிருந்த ரே ஹன்ட் என்ற பண்ணையாளர் டாமிடம் உதவி தேடிச் சென்றார். பின்னர் அவரே பெரும் பயிற்சியாளரானார். பணம் கட்டி முகாமுக்கு வந்த மனிதர்களிடம், தான் குதிரைக்காகவே வந்திருப்பதாகச் சொல்லித் தொடங்குவது ரே ஹன்ட்டின் வழக்கம். பக் பிரானமன் இவருடைய மாணவர்.

தளர்த்துவதே கற்பிக்கிறது

இவர்கள் குதிரைக்கு வெல்லம் கொடுத்துக் கொஞ்சிக்கொண்டிருப்பவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இவர்களும் கயிற்றை இழுக்கிறார்கள், காலால் அழுத்துகிறார்கள். வேறுபாடு, அழுத்தத்தை எப்போது விடுகிறார்கள் என்பதில் இருக்கிறது.

குதிரையை வண்டியில் ஏற்றும் காட்சியை எடுத்துக்கொள்வோம். இருண்ட, குறுகிய, காலடியில் ஓசை எழுப்பும் பெட்டி. குதிரை பத்தடி தள்ளியே நின்றுவிடுகிறது. பழைய முறையில் முன்னால் இருவர் இழுப்பார்கள், பின்னால் ஒருவர் சாட்டையோடு நிற்பார். புதிய முறையில் பயிற்சியாளர் தலைக்கயிற்றில் மெல்லிய இழுப்பை மட்டும் தந்து காத்திருப்பார். குதிரை நடக்கவில்லை, ஆனால் உடல் எடையை லேசாக முன்னங்காலுக்கு மாற்றுகிறது. அந்த நொடியே கயிறு தளர்கிறது. சிறிது ஓய்வு. மீண்டும் மெல்லிய இழுப்பு. இப்போது ஒரு கால் எடுத்து வைக்கிறது. மீண்டும் கயிறு தளர்கிறது. வண்டியின் பலகையில் ஒரு குளம்பை வைத்துவிட்டுப் பின்வாங்கினால், பின்வாங்கவும் விடுகிறார். வெளியே வர முடியும் என்று தெரிந்த பிறகுதான் குதிரைக்கு உள்ளே போகத் துணிவு வருகிறது. மெல்ல மெல்ல நான்கு கால்களும் பலகையின் மேல் வந்துவிடும்.

கல்வியியல் பட்டப்படிப்பில் நாம் அனைவரும் படித்த உளவியல்தான் இது. ஒரு செயலைத் தொடர்ந்து நல்விளைவு வந்தால் அச்செயல் வலுப்பெறும் என்ற தார்ண்டைக்கின் விளைவு விதி, பூனைகளைக் கொண்டு அவர் செய்து 1898இல் வெளியிட்ட சோதனைகளில் வேர் கொண்டது. ஸ்கின்னர் அதை விரிவுபடுத்தினார். தேர்வுக்காகப் படிக்கும்போது 'எதிர்மறை வலுவூட்டல்' என்பதை 'தண்டனை' என்று எழுதி மதிப்பெண் இழந்தவர்கள் நம்மில் பலர் இருப்போம். இரண்டும் வேறு. தண்டனை ஒரு செயலைக் குறைப்பதற்காகத் தரப்படுவது. எதிர்மறை வலுவூட்டலில், விரும்பத்தகாத ஒன்று நீங்குவதால் ஒரு செயல் வலுப்பெறுகிறது. கயிற்றின் இழுப்பு நீங்கியதும் குதிரை 'நான் இப்போது செய்ததுதான் சரி' என்று அறிகிறது. குதிரை கற்பது தளர்வின்போதுதான். இழுப்பு ஒரு கேள்வி மட்டுமே.

இதோடு நேர்மறை வலுவூட்டலையும் பலர் சேர்த்துக்கொள்கிறார்கள். பிரான்சின் ரென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இளங்குதிரைகளுக்குப் பணி கற்பித்தபோது, தானியம் பரிசாகப் பெற்றவை விரைவாகக் கற்றன. மனிதரை நாடி வந்தன. மாதங்கள் கழிந்தும் அந்த நல்லுறவை மறக்கவில்லை. 2010இல் இதை வெளியிட்டார்கள்.

தவறான நேரத்தில் தளர்ந்த கயிறு

பயிற்சியாளர்கள் எச்சரிக்கும் இன்னொன்று உண்டு. குதிரை முன்னங்கால்களைத் தூக்கி எழும்போது பயந்துபோய்க் கயிற்றை விட்டால், எழும்பினால் விடுதலை என்று குதிரை கற்றுக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக எழும்பும். நாம் எதைக் கற்பிக்க நினைத்தோம் என்பது குதிரைக்குத் தெரியாது. எந்தச் செயலுக்குப் பிறகு விடுதலை கிடைத்தது என்பது மட்டுமே தெரியும்.

இதைப் படித்துவிட்டு என் வகுப்பறைக் காட்சியை மீண்டும் ஓட்டிப் பார்த்தேன். அன்று அந்த மாணவன் சுண்ணக்கட்டியைப் பலகைக்கு அருகே ஒருமுறை கொண்டு சென்றான். எழுதாமல் கையை இறக்கிவிட்டான். எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. அந்த நொடியில் நான் ஏதாவது செய்திருக்க வேண்டும். "ஆரம்பிச்சுட்டே, நல்லது. முதல்ல பகுதி ரெண்டையும் மட்டும் எழுது" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். நான் குறிப்பேடு திருத்திக்கொண்டிருந்தேன்.

அவனுக்கு விடுதலை தந்தது மணி ஓசை. அதாவது, ஒன்றும் செய்யாமல் நின்றால் நேரம் கழியும் என்று கற்றான். அடுத்த நாள் வீட்டிலேயே இருந்தபோது முழு விடுதலை கிடைத்தது. வராமல் இருப்பதுதான் வழி என்று கற்றான். இரண்டையும் கற்பித்தவள் நான்தான். எனக்குள் இருந்த 'நான் அடிக்கவில்லையே' என்ற சமாதானம் அன்றோடு போயிற்று.

நெகிழ்வு என்றால் என்ன?

டாம் டோரன்ஸ், ரே ஹன்ட் ஆகியோர் எல்லாக் குதிரைகளுக்கும் பொருந்தும் பத்துப் படிகள் என்று பட்டியல் தரவில்லை. அவர்கள் வழியில் கொள்கை ஒன்று, செயல்முறை குதிரைக்குக் குதிரை வேறு. சோம்பிய குதிரைக்குத் தெளிவான அழுத்தம் வேண்டும். மிரளும் குதிரைக்கு நாம் பக்கத்தில் நிற்பதே போதுமான அழுத்தம். அதற்கு ஓரடி பின்வாங்குவதுகூடத் தளர்வுதான். நேற்று பலித்த வழி இன்று பலிக்காவிட்டால் பயிற்சியாளர்தான் மாற வேண்டும்.

நெகிழ்வு என்பது இலக்கைக் கைவிடுவது இல்லை. குதிரை வண்டியில் ஏறத்தான் வேண்டும். ஏறும் படிகளின் உயரத்தை மட்டும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்கிறோம். 'எழுத வரவில்லையா, சரி உட்கார்' என்று விட்டுவிடும் ஆசிரியரும் அன்று நான் செய்ததும் ஒரே தவறின் இரு முனைகள். இரண்டிலும் மாணவனுக்கு எட்டக்கூடிய அடுத்த படி ஒன்றை யாரும் காட்டவில்லை.

ஆசிரியரின் முகத்தைப் படித்த குதிரை

ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டிய குதிரை ஒன்று உண்டு. ஜெர்மனியின் பெர்லினில் வில்லெம் ஃபொன் ஒஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஹான்ஸ் என்ற குதிரையை வளர்த்தார். கணக்குக் கேட்டால் ஹான்ஸ் குளம்பால் தட்டி விடை சொல்லும். கூட்டல், கழித்தல் மட்டுமல்ல, பின்னக் கணக்குகள்கூட. 1904இல் அறிஞர் குழு ஒன்று ஆராய்ந்து, இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்றது.

பின்னர் உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் நுணுகி ஆராய்ந்து 1907இல் உண்மையை வெளியிட்டார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்சுக்கும் தெரியவில்லை. கேட்பவரை அது பார்க்க முடியாதபடி மறைத்தாலும் தெரியவில்லை. தட்டல்களின் எண்ணிக்கை விடையை எட்டும்போது கேட்பவர் தம்மை அறியாமல் தலையை மிக இலேசாக நிமிர்த்துவார். அவர் முகத்தின் இறுக்கம் தளரும். ஹான்ஸ் அதைக் கண்டு நிறுத்திவிடும். ஃபுங்ஸ்ட் இதை அறிந்த பிறகும் அந்த அசைவைத் தம்மால் முழுமையாக அடக்க முடியவில்லை என்று கண்டார்.

கணக்குத் தெரியாத ஒரு குதிரை, ஆசிரியரின் முகத்தளர்வை மட்டும் கொண்டு அத்தனை ஆண்டுகள் விடை சொன்னது. நம் வகுப்பில் விடை சொல்லும்போது நம் முகத்தையே பார்க்கும் குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். 'ஏழா?' என்று இழுத்துவிட்டு நம் புருவத்தைப் பார்த்து 'எட்டு' என்று மாற்றிச் சொல்லும் குழந்தை எண்களைப் படிக்கவில்லை, நம்மைப் படிக்கிறது. விடை சரியாக இருந்தாலும் தவறாக இருந்தாலும் "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று ஒரே முகத்தோடு கேட்பதை இதன் பிறகுதான் பழக்கமாக்கிக்கொண்டேன்.

கவர்ச்சியும் எச்சரிக்கையும்

கனிவான முறை என்று பெயர் பெற்றவை எல்லாம் கனிவானவை ஆகிவிடா. அமெரிக்காவின் ஒகையோவைச் சேர்ந்த ஜான் ரேரி 1858இல் இங்கிலாந்து சென்று விக்டோரியா அரசியின் முன்னிலையில் குதிரைகளை அடக்கிக் காட்டிப் பெரும்புகழ் பெற்றார். முகத்தில் இரும்புக் கூடு மாட்டி வைக்கப்பட்டிருந்த குரூசர் என்ற முரட்டுக் குதிரையைச் சில மணி நேரத்தில் சாதுவாக்கினார். சாட்டையால் அடிக்கவில்லை, மென்மையாகப் பேசினார், தடவினார். ஆனால் அதற்கு முன் குதிரையின் ஒரு முன்னங்காலை மடக்கி வாரால் கட்டி, மூன்று கால்களில் களைக்க வைத்துத் தரையில் படுக்க வைத்தார். தப்ப வழியில்லை என்று உணர்ந்த விலங்கு அமைதியாகக் கிடப்பதும் நம்பிக்கையோடு அமைதியாக நிற்பதும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். அமைதியான வகுப்பறை கற்கும் வகுப்பறைதானா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டியிருப்பதும் இதனால்தான்.

கனிவு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்பதும் இல்லை. 'பக்' படத்திலேயே ஒரு துயரக் காட்சி உண்டு. பிறக்கும்போதே பாதிப்புற்று, ஒழுங்காக வளர்க்கப்படாத இளங்குதிரை ஒன்று ஒருவரைக் கடித்துக் காயப்படுத்துகிறது. பிரானமன் முயல்கிறார். முடிவில், உரிமையாளர் அதைக் கருணைக்கொலை செய்ய முடிவெடுக்கிறார். பிரானமன் குதிரையைக் குறை சொல்லவில்லை. மனிதர்கள் அதற்குச் செய்யத் தவறியதைத்தான் சொல்கிறார். தொடக்கத்தில் செய்யத் தவறியதைப் பின்னால் எவ்வளவு திறமை வந்தாலும் ஈடுசெய்ய முடியாமல் போகலாம் என்பதை அக்காட்சி காட்டியது.

எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தை குதிரை அல்ல. குதிரையிடம் நாம் எதிர்பார்ப்பது நம் விருப்பத்துக்கு இணங்குவதை. குழந்தையிடம் எதிர்பார்ப்பது தானே சிந்திப்பதை, நம்மோடு மாறுபடுவதையும்கூட. குதிரையிடம் பேசிக் கேட்க முடியாது, குழந்தையிடம் முடியும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டுமின்றி மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சட்டத்தின் அந்த இரண்டாம் பகுதியை நான் அதுவரை என்னோடு பொருத்திப் பார்த்ததே இல்லை.

மீண்டும் கரும்பலகைக்கு

அந்த மாணவனிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன். "அன்னைக்கு உன்னை நிக்க வச்சது என் தப்பு" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. காலால் தரையைத் தேய்த்தான். "கணக்கு எந்த இடத்துல புரியலை?" என்று கேட்டேன். நெடுநேரம் கழித்து, "கீழ இருக்குற நம்பரை ஏன் டீச்சர் மாத்தணும்?" என்றான். பத்து நாள் நடத்திய பாடத்தின் மையமான கேள்வி அது. வகுப்பில் வேறு யாரும் கேட்கவில்லை.

ஒரே அளவுள்ள இரண்டு காகிதப் பட்டைகளை எடுத்தோம். ஒன்றை இரண்டாகவும் மற்றொன்றை மூன்றாகவும் மடித்தோம். அரையையும் மூன்றிலொன்றையும் பக்கத்தில் வைத்து, 'இது மொத்தம் எத்தனை துண்டு?' என்றபோது, துண்டுகள் ஒரே அளவாக இல்லாமல் எண்ண முடியாது என்று அவனே சொன்னான். இரண்டையும் ஆறாறு பங்காக மடித்தோம். மீ.சி.ம. என்ற சொல்லை அன்று நான் பயன்படுத்தவில்லை.

கரும்பலகைக்கு உடனே அழைக்கவில்லை. முதல் வாரம் அவன் தன் இடத்திலிருந்தே சிறுபலகையில் எழுதிக் காட்டினான். அடுத்த வாரம் நண்பனோடு சேர்ந்து பலகைக்கு வந்தான். நண்பன் எழுத, இவன் சொன்னான். பிறகு ஒருநாள் தனியாக வந்து இரண்டு பகுதிகளையும் மட்டும் எழுதினான். "போதும், போய் உக்காரு. மீதியை அடுத்தவங்க முடிப்பாங்க" என்றேன். அவன் நம்பாமல் என்னைத் திரும்பிப் பார்த்தான். சிரித்துக்கொண்டே ஓடிப் போய் உட்கார்ந்தான்.

ஆண்டிறுதியில் அவன் கணக்கில் முதலிடம் பெறவில்லை, நடுத்தரமாகவே எழுதியிருந்தான். ஆனால் என் பாடவேளை உள்ள நாள்களில் வயிற்று வலி வரவில்லை. அவனுடைய அப்பத்தாவைச் சந்தையில் பார்த்தபோது, "இப்பல்லாம் எனக்குத்தான் கணக்குச் சொல்லித் தாரேங்கிறான், டீச்சரம்மா" என்றார்.

வகுப்பறையில் செய்து பார்க்க

1. மாணவர் திணறும்போது விடையை எதிர்பார்க்காமல், விடையை நோக்கிய முதல் அசைவை எதிர்பாருங்கள். அது தெரிந்த உடனே அழுத்தத்தைக் குறையுங்கள்.

2. பணியைப் படிகளாகப் பிரியுங்கள். மாணவர் நின்றுவிட்டால் படியின் உயரத்தைக் குறையுங்கள். இலக்கை மாற்ற வேண்டாம்.

3. பின்வாங்க வழி விடுங்கள். 'இப்போது வேண்டாம், பிறகு சொல்கிறேன்' என்று சொல்லும் உரிமை இருந்தால் முன்வரும் துணிவும் வரும். அந்தப் 'பிறகு' எப்போது என்பதை அப்போதே பேசி முடிவு செய்யுங்கள்.

4. வகுப்பில் மாணவருக்கு விடுதலை எப்போது கிடைக்கிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். முயன்றபோதா, அழுதபோதா, மணி அடித்தபோதா, வராமல் இருந்தபோதா?

5. ஒரு மாணவருக்குப் பலித்த வழி மற்றொருவருக்குப் பலிக்காதபோது, அடுத்த வழியைத் தேட வேண்டியவர் ஆசிரியர்.

இவற்றுள் நான்காவதை முதலில் செய்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் குறிப்பேட்டில் அந்த ஒரு வாரத்தில் எழுதிய பதிவுகள் எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் ஒவ்வொரு புதிய பாடத்தைத் தொடங்கும் முன்பும் அந்தப் பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன்.